வாய் கட்டின மாமா

லண்டனுக்கு வெளிக்கிட்ட அன்று என் மனைவி சூட்கேசுக்குள் முதலில் வைத்தது என் தங்கச்சி மகள் அபிக்கு வாங்கிய சீலையும் இல்லை, பலகாரமும் இல்லை. ஒரு பெட்டி மாஸ்க். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, சார்ஸ் என்ற வியாதி வந்த வசந்தம். உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, அது தேடிப் பிடித்து வந்து குந்தியது கனடாவில், எங்கள் ஸ்காபரோவில்.

"இஞ்சருங்கோ, பிளேனுக்குள்ளை கழட்டக்கூடாது. முன்பக்கத்திலை கை வைக்கக்கூடாது. கழட்டேக்கை இலாஸ்டிக்கிலை மட்டும் பிடிக்கவேணும். நனைஞ்சால் உடனை மாத்தவேணும். விளங்குதோ?" என்றாள். அவளுக்கு முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. வியாதி வந்ததும் அங்கே எல்லோருக்கும் லீவை நிறுத்திவிட்டார்கள். அதனால் மாமி நிற்க, மாமன் மட்டும் கிளம்ப வேண்டி வந்தது. வாசலில் வைத்துக் கடைசியாகவும் ஒன்று சொன்னாள்: "முக்கியமா அந்தச் செருமலை விடுங்கோப்பா."

அதுதான் என்னால் ஏலாத காரியம். 'க்கும்' என்று தொண்டையை ஒருக்காச் செருமாமல் எனக்கு ஒரு வசனமும் துவங்காது. நல்ல காலத்தில் அதை வைத்து வீட்டில் பகிடி பண்ணுவார்கள். அந்த வசந்தத்தில் ஸ்காபரோ பஸ்ஸில் ஒருக்காச் செருமினால் பக்கத்து சீற் காலியாகிவிடும்.

போகாமல் நிற்கவும் வழியில்லை. என் தங்கச்சி மலரின் ஒரே மகள் அபிக்குச் சாமத்திய வீடு. பிள்ளை பெரியபிள்ளையானது மாரிகாலத்தில். முதல் தண்ணி வார்த்தது வீட்டோடு முடிந்தது. ஊரைக் கூட்டிச் செய்கிற சடங்குக்கு ஹோல் கிடைத்தது இப்போதுதான். தாய்மாமன் தலையில் பாலும் அறுகும் வைத்தால்தான் எங்களுக்கு அது சடங்கு. மலருக்குக் கூடப்பிறந்தது நான் ஒருவன்தான்.

பிளேனில் மாஸ்க்கின் முழுச் சீத்துவமும் தெரிந்தது. மூச்சை விட்டால் கண்ணாடி புகைக்கும். கண்ணாடியைக் கழட்டினால் படம் தெரியாது. மீசை வேர்த்துக் கடிக்கும், சொறியவும் கூடாது. என் வாய் இவ்வளவு நாறும் என்று கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது. சாப்பாடு வந்தபோது மாஸ்க்கை நாடிக்கு இறக்கினேன். அது சோறு ஏந்துகிற தட்டாக நின்றது. பிறகு அதையே மேலே இழுத்துவிட்டபோது மூக்குக்குள் ஒரு பருக்கை.

ஆனாலும் அந்தப் பிளேனில் பாதிப் பேர் மாஸ்க்தான். வெட்கம் தெரியவில்லை. ஹீத்ரோவில் இறங்கி நடக்க நடக்க ஒவ்வொருவராகக் கழட்டிப் பைக்குள் வைத்தார்கள். கடவுச்சீட்டு வரிசையில் பார்த்தால், மாஸ்க்கோடு நிற்கிற ஒரே மனிதன் நான். எனக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் விட்டு நின்றார்கள். குடிவரவு அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார்: "முகத்தைப் பார்க்க வேண்டும் ஐயா, தயவுசெய்து அதை எடுங்கள்." எடுத்தேன். அத்தனை சனத்துக்கும் முன்னால் வேட்டி அவிழ்ந்தது மாதிரி இருந்தது.

மலரின் புருசன் குகன் வேன் கொண்டு வந்திருந்தான். "வாங்கோ மச்சான், சுகமோ?" என்றான், கை நீட்டவில்லை. சூட்கேசைத் தூக்கப் போனவன் கையை இழுத்துக்கொண்டு, "நீங்களே பின்னாலை வையுங்கோவன்," என்றான். ஏறினதும் நாலு யன்னலையும் இறக்கிவிட்டான். ஏப்ரல் மாதக் குளிர், அவர்கள் இருக்கிற மிச்சம் என்ற ஊர் வந்து சேருமட்டும் காது விறைத்தது. "நல்ல காத்து, என்ன?" என்று வழியில் இரண்டு தரம் கேட்டான். நான் இரண்டு தரமும் ஓம் என்றேன்.

மலர் வாசலில் நின்றாள். நான் கடைசியாகப் பார்த்தது அவள் கலியாணத்தில். கண்ணால் தண்ணி ஓடுகிறது, ஆனால் கால் நகரவில்லை. "அண்ணை, மெலிஞ்சு போனீங்கள்," என்று அங்கே நின்றபடியே அழுதாள். பிறகு, "சப்பாத்தை வெளியிலை விட்டிட்டு நேரை மேலை போய் முழுகுங்கோ. உடுப்பை இந்தப் பைக்குள்ளை போடுங்கோ," என்று ஒரு குப்பைப் பையை நீட்டினாள். செத்தவீட்டுக்குப் போய் வந்தவனைக்கூட இவ்வளவு அவசரமாக முழுக அனுப்புவதில்லை.

எனக்குத் தந்தது மேலே உள்ள சின்ன அறை. யன்னலால் பார்த்தால் கொல்லைப்புறக் கொடியில் கழுவின பிளாஸ்டிக் பைகள் கிளிப் போட்டுத் தொங்கின. மலர் சின்னனிலேயே இப்படித்தான். ஒரு சாமானும் எறிய மாட்டாள். லண்டனிலும் மாறவில்லை என்று கண்டதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

கொஞ்ச நேரத்தில் கதவில் தட்டுப்பட்டது. திறந்தால் ஆள் இல்லை, நிலத்தில் சாப்பாடு இருந்தது. முயல் படம் போட்ட ரோசா நிற பிளாஸ்டிக் கோப்பையில் புட்டும் மீன் குழம்பும். அதே நிறத்தில் தண்ணிக் கப். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், படியின் கீழ்த் தட்டில் அபி குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி கட்டின பல், பள்ளிக்கூட உடுப்பு. அவள் பேசினது பாதி இங்கிலிஷ். எனக்கு விளங்கினபடி தமிழில் எழுதுகிறேன்.

"மாமா, அது என்ரை துடக்குக் கோப்பை," என்றாள். "நான் பெரியபிள்ளையான நேரம் அம்மா எனக்கு உதிலைதான் சாப்பாடு தந்தவா. மற்றக் கோப்பையளைத் தொடக்கூடாது எண்டவா. சோஃபாவிலையும் இருக்கவிடேல்லை."

"அப்பிடியே பிள்ளை," என்றேன்.

"நீங்கள் என்ன பிழை செய்தனீங்கள்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை."

"நானும் ஒண்டும் செய்யேல்லை," என்றாள். அதற்குள் மலர் கீழே கூப்பிடுகிற சத்தம் கேட்டு எழும்பி ஓடிவிட்டாள். புட்டு நல்ல புட்டு. பாதியோடு கையைக் கழுவினேன்.

சடங்குக்கு மூன்று நாள் இருக்கும்போது, வெற்றிலையும் அறுகம்புல்லும் எடுக்க வேண்டும் என்று மலர் சொல்லிக்கொண்டிருந்தாள். அறைக்குள் அடைந்து கிடக்க ஏலாமல் நான் போறன் என்றேன். "மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு போங்கோ," என்றாள் மலர். "விசரே? மாஸ்க்கைக் கண்டால்தான் சனம் கதைக்கும், போடாமல் போகச் சொல்லு," என்றான் குகன். இரண்டு பேரும் என்னிடம் சொல்லவில்லை, எனக்கு முன்னால் நின்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். மனைவி சொன்னதை நினைத்துப் போட்டுக்கொண்டேன்.

தமிழ்க் கடைகள் இருக்கிற தோர்ண்டன் ஹீத்துக்குப் பஸ். ஸ்காபரோவில் அந்த நாட்களில் மாஸ்க் போட்டவனைப் பொறுப்பான மனிதன் என்பார்கள். இங்கே இரண்டு பள்ளிக்கூடப் பெட்டைகள் என்னைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஸ்கார்ஃபை மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டிச் சிரித்தார்கள். முன் சீற்றில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி இரக்கமாகக் கேட்டாள்: "பல்லுப் பிடுங்கினாயா மகனே?" ஓம் என்று தலையாட்டினேன். அதுதான் சுகமான பதிலாக இருந்தது.

கடைக்குள் போனதும் ஊர் வாசம். கடைக்காரர் கலகலப்பான மனிதர். அம்பது வயது வரும். மாஸ்க்கைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி, "வாங்கோ, என்ன வேணும்?" என்றார். வெற்றிலையை எண்ணிக் கட்டிக்கொண்டே, தான் ஜெர்மனியில் கனகாலம் இருந்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வந்த கதையைச் சொன்னார். பிறகு வழக்கமான கேள்வி: "அண்ணை எங்கையிருந்து?"

"க்கும்… கனடா."

பக்கத்தில் கொத்தமல்லிக்கட்டைத் தெரிவு செய்துகொண்டிருந்த மனிசி அதை அப்படியே போட்டுவிட்டு வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கடைக்காரர் வெற்றிலைக்கட்டைக் கையில் தராமல் மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். நான் பேயன், அப்போதே வந்திருக்க வேண்டும். ஒன்றும் நடக்காத மாதிரி நிற்க வேணும் என்ற வீம்பில், "ஒரு மட்டன் ரோல்ஸும் தாங்கோ, நல்ல உறைப்புச் சோஸோடை," என்றேன்.

மூலையில் நின்று ரோல்ஸைச் சோஸில் தோய்த்தேன். எல்லாரும் பார்க்கினம், எல்லாரும் பார்க்கினம் என்று மனம் அடிக்கிறது. அந்தப் பதற்றத்தில் வாயில் மாஸ்க் கிடக்கிறது என்பதே மறந்து, அதற்கு மேலாலேயே ஒரு கடி. பல்லில் துணி. நாடி எல்லாம் சிவப்புச் சோஸ். துடைக்கத் துடைக்க அது மூக்கு மட்டும் ஏறியது. கோதாரி விழுந்த மாஸ்க்! கைவசம் வேறொன்றும் இல்லை, பெட்டி வீட்டில். ஒருவரையும் பார்க்காமல் வெளியே வந்து பஸ் ஏறினேன்.

நாலு தரிப்பிடம் போகவில்லை. எதிரே இருந்த பெண் என் முகத்தைப் பார்த்தாள், வாயைப் பொத்தினாள், எழும்பிச் சாரதியிடம் போனாள். பஸ் ஓரமாக நின்றது. சாரதி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "ஐயா, உங்களுக்கு இரத்தம் வருகிறதா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"க்கும்… இல்லை, இது சோஸ்," என்றேன்.

அந்தச் செருமலோடு பின் சீற்றில் இருந்தவர்களும் எழும்பிவிட்டார்கள். பைக்குள்ளிருந்து மிச்ச ரோல்ஸை எடுத்து உயர்த்திக் காட்டினேன். இரட்டைத் தட்டு பஸ்ஸுக்கு நடுவில் நின்று, கடித்த ரோல்ஸைச் சாட்சி காட்டின ஆள் லண்டன் சரித்திரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாரதி சிரித்தார், "சரி, இருங்கள்," என்றார். எனக்குத்தான் இருக்க முடியவில்லை. இறங்கி வீடு வரைக்கும் நடந்தேன். வழி முழுக்க நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்ததால் எந்த வீதியால் வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எனக்கு முன்னமே செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. மலர் ரெலிபோனைக் காதில் வைத்தபடி நின்றாள். மற்றப் பக்கக் குரல் எனக்கே கேட்டது: "கனடாவிலை இருந்து ஒருத்தன் வந்து நிக்கிறானாம், வாயாலை இரத்தமாம். உங்கடை வீட்டுக்கும் ஆரோ கனடாவிலை இருந்து வாறதெண்டு சொன்னீங்கள், என்ன? எங்களுக்குச் சின்னப் பிள்ளையள் இருக்கு, குறை நினையாதேங்கோ." மலர் ரெலிபோனை வைத்தாள். அது திரும்ப அடித்தது. நான் மேலே போய் மாஸ்க்கைக் கழட்டிக் குளியலறைக் குப்பைவாளிக்குள் போட்டேன். கண்ணாடியில் நாடி இன்னும் சிவப்பாகத்தான் கிடந்தது.

அன்று பின்னேரம் குசினியில் கூட்டம் நடந்தது. நான் படியில், அவர்கள் உள்ளே.

"இப்பிடியே போனால் ஹோலிலை நாங்கள் மூண்டு பேரும் வீடியோக்காரனும்தான் நிப்பம்," என்றான் குகன். "ஹரோவிலை உன்ரை ஒண்டுவிட்ட அண்ணன் இருக்கிறார்தானே. அவரும் மாமன் முறைதான். அவரைக் கொண்டு பாலை வைப்பிப்பம். கொண்ணை வீட்டிலை இருக்கட்டும்."

மலர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். "என்ரை அண்ணை உயிரோடை இருக்கேக்கை வேறை ஆரும் என்ரை பிள்ளைக்குப் பால் வைக்கிறதோ? அவர் கடல் தாண்டி வந்தது மேலை அறைக்குள்ளை கிடக்கவோ?" பிறகு அழுகை. என்னால்தான் இந்த வீட்டில் இது நடக்கிறது என்று நினைக்க, எழும்பி அடுத்த பிளேனைப் பிடிக்க வேணும் போல இருந்தது. அதேநேரம் அபியின் தலையில் வேறொருவன் பால் வைப்பதை நினைக்கவும் பொறுக்கவில்லை.

கடைசியில் வழி சொன்னதும் குகன்தான். "அப்ப கொண்ணை கனடாவிலை இருந்து வரேல்லை. ஜெர்மனியிலை இருந்து வந்தவர். கனடா ஆள் வரவை நிப்பாட்டிப்போட்டார். கேக்கிறவைக்கு அப்பிடியே சொல்லுவம். மச்சான், நீங்கள் என்ன சொல்லுறியள்?"

நான் க்கும் என்றேன். பிறகு ஓம் என்றேன்.

ஜெர்மனிக்காரனுக்கு மாஸ்க் எதற்கு? குகன் மாஸ்க் பெட்டியைக் குறட்டால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்த் தெருக் குப்பைத்தொட்டியில் போட்டான். இனி மூச்சு முட்டாது, கண்ணாடி புகைக்காது. சந்தோசப்பட வேண்டிய ஆள் நான்தான். ஆனால் அன்று இரவு முழுக்க முகத்தில் என்னவோ இல்லாத மாதிரி, கையை வாயருகே கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்தேன்.

சடங்கு நாள். ஹோல் நிறைந்திருந்தது. ஜெர்மனிக் கதை நன்றாக வேலை செய்திருந்தது. வேட்டி, பட்டுச் சால்வை, நெற்றியில் சந்தனம். ஆட்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், தோளில் தட்டினார்கள். ஒரு கிழமையாக ஒருவரும் தொடாத உடம்பு, ஒவ்வொரு கைக்கும் கூசியது.

"மலரின்ரை அண்ணை, ஜெர்மனி," என்று குகன் யாரையோ கூட்டிவந்து என் முன்னால் விட்டான். நிமிர்ந்து பார்த்தேன். தோர்ண்டன் ஹீத் கடைக்காரர், கோட் சூட்டில்.

ஒரு அடி பின்னுக்கு வைத்தேன். பிறகு நினைவு வந்தது, இந்த மனிதர் என் முகத்தைக் கண்டதே இல்லை. அவர் கண்டது மாஸ்க்கை. சரி, தப்பினேன் என்று நினைத்தால், அவர் முகம் மலர்ந்து ஜெர்மன் பாசையில் பொழியத் தொடங்கினார். நான் "யா, யா," என்றேன். அவர் நிறுத்திவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"ஜெர்மனியிலை எவடம்?"

"க்கும்… பேர்ளின்."

"பேர்ளினிலை?"

"நடுவிலை."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல இடம்," என்றார். பக்கத்தில் வந்து நின்று, பழைய சிநேகிதனோடு கதைக்கிற மாதிரிக் கதைத்தார். "அண்டைக்கு எங்கடை கடைக்கு ஒருத்தர் வந்தவர், கனடாக்காரர். மாஸ்க்கோடை. பாவம், என்ன யோசனையோ தெரியாது, மாஸ்க்குக்கு மேலாலை ரோல்ஸைக் கடிச்சுப்போட்டார். சோஸைச் சனம் இரத்தம் எண்டு கதை கட்டிவிட்டிட்டுது. அந்த நேரத்திலை ஒரு பேப்பரைக்கூட எடுத்துக் குடுக்க எனக்குத் தோன்றேல்லை."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: "க்கும்… உவங்களுக்கு வெட்கம் இல்லை. வியாதி உள்ள ஊரிலை இருந்து வெளிக்கிட்டு வாறதோ? நானெண்டால் வீட்டிலை கிடந்திருப்பன்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றார் அவர். "அந்த மனுசன் மற்றவைக்காக மாஸ்க்கெண்டாலும் போட்டவர்." சொல்லிவிட்டு முன் வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் போய் இருந்தார். என் காது இரண்டும் எரிந்தது.

மேளச் சத்தத்தோடு அபியை மேடைக்குக் கூட்டிவந்து மணையில் இருத்தினார்கள். நகைப் பாரத்தில் கழுத்து முன்னுக்குச் சரிந்திருந்தது. கையில் வெற்றிலை பாக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்கிற மாதிரி நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோக்காரர் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தார். கிண்ணத்தில் பால், தட்டில் அறுகம்புல். யாரோ சாம்பிராணித் தட்டை எனக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்தார்கள்.

குனிந்தேன். புகை தொண்டைக்குள் போனது. இருமல் கிளம்பி மேலே வருகிறது. கீழே பிள்ளையின் உச்சந்தலை, வகிடு, மல்லிகைப்பூ.

ஒரு கிழமையாக நான் யோசித்ததெல்லாம் யார் என்னைப் பார்க்கிறார்கள், யார் என்ன சொல்கிறார்கள் என்பது மட்டும்தான். என் உடம்பில் அந்தச் சனியன் ஒளித்திருந்தால் அது இறங்கப்போவது இந்தப் பிள்ளையின் தலையில் என்று ஒருக்காலும் நினைக்கவில்லை. பெட்டியைக் குப்பையில் போடேக்கைகூட நினைக்கவில்லை. சீ, நானும் ஒரு மாமனோ என்று வந்தது.

நிமிர்ந்து, முகத்தைத் திருப்பி, தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துப் பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டேன். இருமல் சால்வைக்குள்ளே வெடித்தது. மேளம் நின்றது. ஹோல் சலசலத்தது. "என்னத்துக்கு வாயைக் கட்டுறார்?" என்று ஒரு பெண் குரல். குகனின் முகத்தில் இரத்தமே இல்லை. எல்லாம் முடிந்தது, இனி ஒவ்வொருவராக எழும்பப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

முன் வரிசையிலிருந்து கடைக்காரர் எழும்பினார். கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அது எங்கடை முருகன் கோயில் முறையெல்லோ! வாய் கட்டிப் பூசை!"

ஊரில் எங்கள் பக்கத்து முருகன் கோயிலில் பூசை செய்கிறவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் ஒன்றும் சொல்லாமல் மௌனமாகத்தான் பூசை செய்வார். அதை அறியாத யாழ்ப்பாணத்து ஆள் இல்லை. "ஓமோம், வாய் கட்டித்தான்," என்று ஒரு கிழவர் தலையாட்டினார். "என்ன பக்தியான மாமன்," என்றது இன்னொரு குரல். பின்னால் சில மனிசிமார் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மேளம் திரும்பத் தொடங்கியது. வீடியோக்காரர் இன்னும் கிட்ட வந்தார்.

அறுகைப் பாலில் தோய்த்து அபியின் தலையில் வைத்தேன். பால் நெற்றியால் வழிய, அவள் கண்ணை மட்டும் மேலே உயர்த்தினாள். "மாமா, இருமல் வருதோ?" என்று உதடு அசையாமல் கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். அவள் கன்னத்தை உப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான் கடைசித் தரம் வைத்து முடிக்குமட்டும் விடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசும். சனம் என்னைச் சுற்றி நின்றது. ஒரு தாய் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து, "உங்கடை கையாலை திருநூறு பூசிவிடுங்கோ அண்ணை," என்றாள். ரெலிபோனில் சின்னப் பிள்ளையள் இருக்கு என்று சொன்ன அதே குரல். நான் சால்வையை அவிழ்க்காமல், கையால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டி, சமையலறைப் பக்கத்தால் வெளியே போனேன். கார் நிறுத்துமிடத்தில் தனியாக நின்று ஆசை தீர இருமினேன். சனம் விலகி ஓடினபோது வந்த வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கும்பிட்டார்களே, அது தாங்கவில்லை.

எனக்குக் காய்ச்சலும் வரவில்லை, அந்த வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை. திரும்புகிற நாள் குகன் வேனில் ஹீத்ரோவுக்குக் கொண்டுவந்து விட்டான். யன்னல்கள் பாதி இறங்கியிருந்தன. அதைப் பெரிய முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன். மலர் என்னோடு உள்ளே வந்தாள்.

வரிசைக்குக் கிட்ட நின்று, "அண்ணை, நேற்றுக் கடைக்காரரிட்டைப் போய் உண்மையைச் சொன்னனான்," என்றாள். "அந்தக் கனடாக்காரர் நீங்கள்தான் எண்டு. எனக்கு மனம் கேக்கேல்லை."

"என்ன சொன்னவர்?"

"முதலே தெரியுமாம். ஹோலிலை நீங்கள் ஒருக்காச் செருமின உடனையே தெரியுமாம்."

அப்படியென்றால் ரோல்ஸ் கதையைச் சொன்னபோது அவருக்குத் தெரியும். உவங்களுக்கு வெட்கம் இல்லை என்று நான் என்னையே ஏசினபோது தெரியும். தெரிந்துகொண்டுதான் எழும்பி நின்று அத்தனை சனத்துக்கும் முன்னால் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். எனக்கு அவரின் பேர்கூடத் தெரியாது. கேட்கவில்லை.

மலர் கைப்பையைத் திறந்து, கழுவிக் காய்ந்த பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தாள். உள்ளே ஒரு மாஸ்க். தோய்த்து, மடிப்பு மடிப்பாக அயன் பண்ணியிருந்தது. வாய்ப் பக்கத்தில் மங்கலாக ஒரு சிவப்புக் கறை.

"எடி, இதைத் தோய்ச்சுப் போடுறவையே? எறியிற சாமான்!"

"எறிய மனம் வரேல்லை. குப்பைவாளிக்குள்ளை கிடந்தது. மேலாலை துணி போட்டுத்தான் அயன் பண்ணினனான். கறைதான் போகேல்லை."

அதை விரித்து, எட்டி, தன் கையாலேயே என் முகத்தில் வைத்தாள். இலாஸ்டிக்கை ஒரு காதில் மாட்டினாள், பிறகு மற்றக் காதில். விரலில் வெங்காய வாசம். நான் வந்ததிலிருந்து அவள் என்னைத் தொட்டது அப்போதுதான். கன்னத்தில் கையை வைத்தபடியே, "போட்டுக்கொண்டு போங்கோ அண்ணை. பாக்கிறவன் பாக்கட்டும்," என்றாள்.

வரிசையில் போய் நின்றேன். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு பாய் அளவு இடம். எல்லோரும் பார்த்தார்கள். நனைந்தால் உடனே மாற்றவேண்டும் என்று மனைவி சொல்லி விட்டிருந்தாள். பிளேன் ஏற முன்னமே அது நனைந்துவிட்டது. நான் மாற்றவில்லை.